மாண்புமிகு நாலு பேர் அவர்களுக்கு

ஐயா, அம்மா,

தேர்தலில் நிற்காமலே ஆள்கிறவர்கள் நீங்கள். கட்சி இல்லை, சின்னம் இல்லை, டெபாசிட் போகும் என்ற பயமும் இல்லை. ஆனால் ஒரு பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், பையன் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுக்கலாம், தாலி கட்டிய மூன்றாம் மாதம் ‘ஏதும் விசேஷம் உண்டா’ என்பது வரை எல்லாம் உங்கள் உத்தரவுப்படிதான் நடக்கிறது. அரசாங்க உத்தரவுக்காவது கோர்ட்டில் ஸ்டே வாங்கலாம். “நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்பதற்கு மேல்முறையீடே கிடையாது.

உங்கள் அலுவலகம் இருப்பது கல்யாண மண்டபத்தில், ஃபேனுக்கு நேர் கீழே, முன்வரிசையில். அங்கிருந்து எழுந்து மேடையேறிய ஓர் அம்மாளைப் பார்த்தேன். வாழ்த்துவதுபோலக் குனிந்து, பெண்ணின் கழுத்து ஆரத்தை இரண்டு விரலால் தூக்கி, பின்பக்கம் திருப்பி, எடையை மனசுக்குள் நிறுத்துவிட்டுத்தான் கன்னத்தைத் தொட்டார். இறங்கி வந்ததும் தீர்ப்பு: “அம்பது பவுனுன்னாங்க. முப்பது தேறினா அதிகம்.”

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். நிறுத்துப் பார்த்த அந்த இரண்டு விரல்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பெண்ணைப் பெற்றவன் நிலத்தை அடமானம் வைத்து, பற்றாததற்கு வட்டிக்கு வாங்கி உங்களுக்கு இலை போடுகிறான். பாயசத்தில் முந்திரி குறைச்சல் என்று சொல்லிக்கொண்டே தாம்பூலப் பையோடு நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். அடுத்த மாசம் வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது உங்களில் ஒருத்தரையும் காணோம்.

உங்களை மதிக்க மாட்டேன் என்று எவனாவது கிளம்பினால் எடுத்துவிட ஒரு கடைசி அஸ்திரம் வைத்திருக்கிறீர்கள். “நாளைக்குப் போனா தூக்க நாலு பேர் வேணாமா?”

சரி, அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2020 ஏப்ரலில், சென்னையில், டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அறுவை சிகிச்சை மருத்துவர். அடக்கம் செய்யக் கொண்டுபோன இடத்துக்கு நீங்கள் வந்தீர்கள், கையில் கல்லோடும் கட்டையோடும். ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, அதில் வந்தவர்களுக்கு ரத்தக் காயம். பிறகு அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர், ஆஸ்பத்திரி ஊழியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்தார். இதற்குச் சரியாக நாலு வாரம் முன்னால், மார்ச் 22 அன்று, மருத்துவர்களுக்காக மொட்டை மாடியில் நின்று கைதட்டியவர்களும் நீங்கள்தான். பக்கத்து மாடியில் தட்டினார்கள், தட்டினீர்கள். பக்கத்தில் நின்றவன் எறிந்தான், எறிந்தீர்கள். செத்தவரைப் புதைக்க விடுங்கள் என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அவசரச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தூக்க வருவீர்களாம்!

உங்கள் பலத்தை அமெரிக்காவில் ஒருவர் அளந்தே காட்டியிருக்கிறார். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், 1950களில். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் எதற்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் பேசிவைத்த ஆட்கள் வரிசையாகத் தப்பான கோட்டைக் காட்டியபோது, சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன பதில்களிலும் மூன்றில் ஒன்று தப்பாகிப்போனது. ஒரே ஒரு ஆள் பொய் சொன்னால் அவர்கள் அசையவில்லை. மூன்று, நாலு பேர் ஆனதும் சரிந்துவிட்டார்கள். பதினைந்து பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தும் அதற்கு மேல் ஏறவில்லை. நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை, நாலே போதும்.

கோட்டைத் தப்பாகச் சொன்னால் யாரும் சாவதில்லை. விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் செத்தார்கள். முருகேசன் தலித் இளைஞர், கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். கண்ணகி வேறு சாதி. பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். கண்ணகியின் அண்ணன் உள்ளிட்டவர்கள் இருவரையும் தேடிப் பிடித்து இழுத்துவந்து, குடிக்க மறுத்ததால் காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றினார்கள். உடல்களை எரித்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. கூடப் பிறந்தவளைக் கொல்லும் தெம்பு ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? நாளைக் காலை டீக்கடை பெஞ்சில் நீங்கள் என்ன பேசுவீர்கள் என்ற நினைப்பிலிருந்து வருகிறது. போலீசும் உங்கள் கூட்டணிதான். முருகேசனின் சொந்தக்காரர்களையே கொலையாளிகளோடு சேர்த்துக் கேஸ் எழுதியது. 18 வருஷம் கழித்து, 2021இல், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் போலீஸ்காரர்கள். சுற்றி நின்று பார்த்த உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எந்தப் பட்டியலிலும் வராது. அண்ணனுக்கு ஜெயில், தங்கைக்குச் சுடுகாடு, உங்களுக்கு அடுத்த வீட்டு விசேஷம்.

உங்களிடம் மன்றாடிப் பயனில்லை என்று தெரியும். அதனால் இந்தக் கடிதத்தின் நகலை, உங்கள் பக்கத்து நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது ஆளுக்கு அனுப்புகிறேன்.

ஐந்தாவது ஆளே, ஆஷ் இன்னொன்றும் பார்த்தார். தப்புச் சொன்ன அந்த வரிசையில் ஒருவர் மட்டும் சரியான கோட்டைச் சொன்னதும், சோதனைக்கு வந்தவர்களின் தப்பு கால் பங்காகக் குறைந்துவிட்டது. அந்த ஒருவர் சண்டைக்குப் போகவில்லை, மேடை போட்டுப் பேசவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். உங்கள் தெருவிலும் ஒருநாள், வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பேச்சு கிளம்பும். “இதைச் சும்மாவா விடப்போறே?” என்று அவள் அப்பாவிடம் நாலு பேர் கேட்பார்கள். அப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு செல்போனை நோண்டாதீர்கள். “மேஜரான பொண்ணு, அவ இஷ்டம். விடுய்யா” என்று அந்த ஆளின் காதில் விழும்படி சொல்லுங்கள். அரிவாள் என்று பேச்சு வந்தால் 100க்கு போன் போடுங்கள்.