குண்டு பல்பு

1980களின் நடுவில், ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் அண்ணனிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தேன். கோடம்பாக்கத்திலிருந்து ஆள் மூச்சிரைக்க வந்தால், ஏதோ ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் சிந்தசைசர் படுத்துவிட்டது என்று அர்த்தம். பையை என் தோளில் மாட்டிவிட்டு, சீரீஸ் போர்டை மட்டும் அண்ணன் தானே தூக்கிக்கொள்வார். ஒரு பலகை, ஒரு பிளக் பாயின்ட், 100 வாட் குண்டு பல்பு, அவ்வளவுதான். கரன்ட் பல்பைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி பிழைக்கும். ஒரு முறை மினுக்கி மங்கினால் பயமில்லை.

ஒரு தடவை போன இடத்தில், பெட்டியில் ஷார்ட் இல்லை. பகலெல்லாம் ஒழுங்காகப் பாடிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் சுருதி இறங்கி உறுமும். 7815 ரெகுலேட்டரை மாற்றினேன். மறுநாளும் உறுமல். 7915ஐயும் மாற்றினேன், அதன் கால் வரிசை வேறு என்பதைப் புகை வந்து சொல்லிக்கொடுத்தது. “என் குழல் சரியாத்தான் இருக்கு, உங்க பொட்டியைப் பாருங்க” என்றார் புல்லாங்குழல்காரர்.

“டேய், வாட்ச்மேனை மாத்திட்டே இருக்கியே, தண்ணித் தொட்டியைப் பார்த்தியா?” என்றார் அண்ணன். தொட்டி என்றது ஃபில்டர் கண்டென்சரை. 15 வோல்ட் கொடுக்க 7815க்கு ஏறக்குறைய 17 வோல்ட் வர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சூட்டில் கண்டென்சர் காய்ந்திருந்தது. ஊர் முழுக்க லைட் போட்டு லைன் வோல்ட்டேஜ் இறங்கியதும், தொட்டியின் வோல்ட்டேஜ் நொடிக்கு 100 தடவை அந்த 17க்குக் கீழே விழுந்து எழுந்தது. அந்த நூறுதான் உறுமல். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்று கணக்கு வைத்த கருவி அது. அரை ஸ்வரத்துக்கு 83 மில்லிவோல்ட். சப்ளை தள்ளாடினால் சுருதி எங்கே நிற்கும்?

சரிசெய்து கொடுத்தோம். பிரயோஜனமில்லை. 1983இல் வந்த டிஎக்ஸ்7 சிந்தசைசர் அதற்குள் கோடம்பாக்கத்துக்கும் வந்துவிட்டது. பழைய பெட்டியை எடைக்குப் போட்டார்கள். தூக்கிப்போனவன் நான்தான், மரச் சட்டத்துக்குக் கடைக்காரர் காசு தர மாட்டேன் என்று கழற்றித் திருப்பிக் கொடுத்தார்.

போன மாதம் ஒரு பையன் அதே ரகத்தைக் கார் சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டிக் கொண்டுவந்தான். குழந்தையைக் கூட இப்படிக் கூட்டிவந்திருக்க மாட்டான்.

“ஹம் போகணும் அங்கிள். வார்ம்த் போகக் கூடாது.”

கண்டென்சர்களை மாற்றினேன். செத்ததையெல்லாம் கவரில் போட்டுக் கேட்டான், கொடுத்தேன். ஆன் செய்யலாம் என்று போர்டை எடுத்தால் பல்பு ஃப்யூஸ். எல்இடி இதற்கு உதவாது. நான்கு கடை ஏறி இறங்கினேன், “குண்டு பல்பா, அதெல்லாம் யார் சார் வாங்குறா?” என்று எல்லோரும் என்னையே கேட்டார்கள். கடைசியில் மச்சானிடம் கிடைத்தது, குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைத்திருந்தது.

மாட்டினேன். மினுக்கி மங்கியது. பையன் சிந்தசைசரைப் பார்க்கவில்லை, பல்பைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

“செம வின்டேஜ் அங்கிள். எங்க கிடைக்கும்?”

“கோழிப்பண்ணையில.”