சுண்ணாம்பு மிட்டாய்

செயின்ட் லூயிஸ், மிசௌரி

அன்புள்ள மாமாவுக்கு,

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதற்காக உங்களைக் கேலி செய்கிறவர்கள் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினால் உங்கள் டப்பாவுக்குச் சுண்ணாம்பு. கிளிஞ்சலில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்டைச் சுடாமல் பொடித்து, சர்க்கரையும் பழ வாசனையும் சேர்த்து அச்சில் அழுத்தினால் டம்ஸ் என்ற நெஞ்செரிச்சல் மாத்திரை. 1928-இல் இந்த ஊர் மருந்தாளர் ஜேம்ஸ் ஹோவ், அஜீரணத்தால் தவித்த மனைவிக்காக வீட்டிலேயே செய்தது. வயிற்று அமிலத்தோடு சேர்ந்ததும் அது உப்பாகவும் நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். அந்த வாயுதான் ஏப்பம். மருந்து பிறந்த ஊரிலேயே நோய்க்கும் பஞ்சமில்லை. மாவுக்குள் கறியை வைத்து எண்ணெயில் பொரித்த ரவியோலிதான் இங்கே ஊர்ப் பெருமை. கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதமாக்கும், உணவுக்குழாயின் அடிவாசலையும் தளர்த்தும். அமிலம் மேலேற வேறென்ன வேண்டும்?

என் வழக்கு மாத்திரையின் மேல் அல்ல, அதன் தித்திப்பின் மேல். உங்கள் சுண்ணாம்பு ஒரு பொட்டு கூடினால் நாக்கு வெந்துவிடும். அளவைக் கற்றுத் தரும் வாத்தியார் அதற்குள்ளேயே இருக்கிறார். இதிலோ வாத்தியாருக்கு ஓய்வு கொடுத்து மிட்டாய்க்காரரை உட்கார வைத்துவிட்டார்கள். உச்ச அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் தின்னாதே என்று பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கிறது. மிட்டாய்க்கு யார் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்? மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும். சில நிமிடத்தில் எரிச்சல் தணிகிறதே என்பீர்கள். தணிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது சுரந்த அமிலத்தைத்தான் முறிக்கும், சுரப்பதை நிறுத்தாது. நாள்தோறும் எரிந்தால் மருத்துவர் பார்க்க வேண்டிய சங்கதி. நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் கையில் வலியும் சேர்ந்தாலோ, மிட்டாயைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்படியானால் வெற்றிலையே மேல் என்று துள்ளாதீர்கள். உங்கள் பாக்கு புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே முத்திரை குத்திவிட்டது; புகையிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அத்தைக்கு ஒரு பாட்டில் அனுப்புகிறேன். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கைக்கும்தான்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்