பரணில் கிடந்த துப்பாக்கி: ஸ்காட்லாந்து யார்டுக்கு ஒரு புகார் மனு

அனுப்புநர்: கரிசல்காட்டு ஆள் ஒருவன், கயத்தாறு, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு ஆணையாளர் அவர்கள், பெருநகரக் காவல் துறை, ஸ்காட்லாந்து யார்டு, லண்டன்.

பொருள்: களவுத் துப்பாக்கியை விவரம் தெரியாமல் வாங்கிய வெள்ளைக்காரர்களைக் காப்பாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நாட்டு மக்கள் ரொம்பவும் வெள்ளந்தியாக இருக்கிறார்கள். பெர்க்‌ஷயர் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருந்த ஒரு துப்பாக்கியும் சில வாள்களும் கிடைத்தன. விசாரித்தால் எல்லாம் திப்பு சுல்தானுடையவை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் தாமஸ் ஹார்ட் ஊருக்கு எடுத்துப்போன சாமான்கள். 2019 மார்ச்சில் அவற்றை ஏலம் விட்டார்கள். துப்பாக்கி மட்டும் 60,000 பவுண்டுக்குப் போனது. வாங்கிய மகராசனை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஏட்டையா வந்து கதவைத் தட்டினால் அவர் என்ன பதில் சொல்வார்?

எங்கள் பக்கத்து நடைமுறையைச் சொல்கிறேன். எட்டயபுரம் சந்தையில் கிடா வாங்கினாலும், செகண்ட்ஹேண்டில் எக்ஸ்.எல். வண்டி வாங்கினாலும், விற்றவன் யார் என்று காட்ட முடியவில்லை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு காத்திருக்கிறது. ‘தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ’ திருட்டுப் பொருளை வாங்கினால் மூன்று வருஷம் வரை உள்ளே. நகைக்கடைக்காரர்களைக் கேளுங்கள். திருடனைக் கூட்டிக்கொண்டு போலீஸ் வரும். அவன் கையை நீட்டி ‘இந்தக் கடைதான்’ என்பான். ‘ரெக்கவரி’ முடிந்துவிடும். துப்பாக்கி என்றால் இன்னும் விசேஷம். லைசென்ஸ் உள்ளவர் இன்னொரு லைசென்ஸ்காரருக்குத் தன் துப்பாக்கியை விற்பதென்றால், வாங்குபவர் பெயர், விலாசத்தோடு கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் அதையும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு ஓட்டுப் போட வேண்டும்.

உங்கள் சட்டத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பழங்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியை அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ள அங்கே லைசென்ஸே வேண்டாமாம். களவுப் பொருளையே ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கி ஆறு வருஷம் வைத்திருந்துவிட்டால், 1980-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி பறிகொடுத்தவனுக்கு உரிமை போய்விடுமாம். இதைவிட அருமையான ஏற்பாடு ஒன்று 1995 ஜனவரி வரை இருந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில், பகிரங்கச் சந்தையில், நல்லெண்ணத்தோடு வாங்கினால் திருட்டுப் பொருளும் வாங்கியவனுக்கே சொந்தம். சூரியன் சாட்சி! இது தெரிந்திருந்தால் எங்கள் ஆட்டுத் திருடர்கள் ராத்திரியில் கண் விழித்துக் கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள்.

‘திப்பு மைசூர்க்காரர், கயத்தாற்றுக்காரன் உனக்கென்ன வந்தது?’ என்று கேட்பீர்கள். அதே வருஷம், அதே கம்பெனி. ஐந்தரை மாதம் கழித்து, அக்டோபர் 16 அன்று, மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்முன்னே எங்கள் ஊர்ப் புளியமரத்தில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார். கையோடு கோட்டைகளை இடிக்கச் சொல்லி, துப்பாக்கி, வேல்கம்பு எதுவும் யாரும் வைத்திருக்கக் கூடாதென்றும் உத்தரவு போட்டார். அந்த இரும்பெல்லாம் யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ. என்னிடம் ரசீது இல்லை.

‘அது களவு அல்ல, போர்ப் பரிசு’ என்று உங்கள் வக்கீல் எழுந்திருப்பார். வாஸ்தவம்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அகப்பட்டதைப் பதவி வாரியாகப் பங்கு போட ஒரு கமிட்டியே வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்த் திருடர்களும் பங்கு போடுவார்கள்தான். கமிட்டி வைத்து மினிட்ஸ் எழுதத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2023-இல் இன்னொரு துப்பாக்கி வெளியே வந்தது. பறவை வேட்டைக்காகத் திப்புவுக்கென்றே செய்தது, பிறகு காரன்வாலிஸ் பிரபுவுக்குப் போய்ச் சேர்ந்தது, மதிப்பு 20 லட்சம் பவுண்டு. அது வெளிநாட்டுக்குப் போய்விடாதபடி உங்கள் அரசாங்கம் ஏற்றுமதித் தடை போட்டது. அபூர்வமான பொருள் அந்நியன் கைக்குப் போய்விடக் கூடாதே என்ற அந்தப் பதைப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அதே பதைப்பு இருந்தது. அங்கே மதிலைப் பீரங்கி உடைத்துவிட்டது.

ஆகவே, எஃப்.ஐ.ஆர். போட மனம் வராவிட்டாலும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதாவது கொடுத்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘பெர்க்‌ஷயர் எங்கள் லிமிட் இல்லை, தேம்ஸ் வேலி போலீசிடம் போ’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதிலை உள்ளூரிலேயே கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். எல்லை எதுவானாலும் புகாரை வாங்கிக்கொள்ள ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று ஒன்று இங்கே வந்துவிட்டது. வேண்டுமானால் மாதிரிப் படிவம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கரிசல்காட்டு ஆள்.

இணைப்பு: இல்லை. அசல் பொருட்கள் தங்கள் நாட்டிலேயே பத்திரமாக உள்ளன.