எத்தனை மாரியப்பனைத்தான் தாங்கும் லிங்கர்?

கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக ஒட்டும் லிங்கரைத் திட்டுவது நமக்குப் பழகிவிட்டது. கம்பைல் எல்லாம் சமர்த்தாக முடிந்து, கடைசி வரியில் 'மல்டிபிள் டெஃபினிஷன் ஆஃப் இனிட்' என்று வந்து நிற்குமே, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் திட்டவேண்டியது லிங்கரை அல்ல, லைப்ரரி எழுதிய மகராசனை என்பதே என் கட்சி. அதற்குச் சாட்சி, ஏஆர். ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஸ்டாட்டிக் லைப்ரரியாகக் கட்டித்தரும் அந்த நிரல், உள்ளே ஒரே பெயர் இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. கட்டியவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். லிங்கரும் அதிலிருந்து தேவைப்பட்ட ஃபைலை மட்டும் எடுப்பதால், மோதல் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, நாம் புதிதாக ஒரு ஃபங்ஷனை அழைத்த அன்று நம் தலையில் விடியும்.

சாத்தூர்ப் பக்கம் இதைவிடப் பெரிய பெயர்ப் பஞ்சம் உண்டு. இருக்கன்குடி மாரியம்மன் தயவில் தெருவெல்லாம் மாரியப்பன், மாரிமுத்து, மாரிச்சாமி, மாரிச்செல்வம். ஆனாலும் ரேஷன் கடையில் யாரும் இதற்காக அடித்துக்கொள்வதில்லை. இனிஷியல் இருக்கிறது. இனிஷியலும் முட்டினால் சேவுக்கடை மாரியப்பன், நிப்புப் பட்டறை மாரியப்பன், வெள்ளரிப்பிஞ்சு மாரியப்பன், தீப்பெட்டி ஆபீஸ் மாரியப்பன். இரண்டு பேருமே தீப்பெட்டி ஆபீஸ் என்றால் ஒருவர் நெட்டை மாரியப்பன். சி மொழியில் நேம்ஸ்பேஸ் இல்லையே என்பார்கள். சாத்தூரிலும்தான் இல்லை! எஸ்க்யூலைட், கர்ல் லைப்ரரிகள் தங்கள் ஃபங்ஷன்களுக்கு முன்னால் தங்கள் பெயரையே இனிஷியலாக ஒட்டித்தானே பிழைக்கின்றன? ஃபைலுக்குள் மட்டும் புழங்கும் பெயருக்கு ஸ்டாட்டிக் போடலாம். வீட்டுக்கு வீடு ஒரு 'தம்பி' இருக்கிறான், ஊர் குழம்பவில்லை. எக்ஸ்டர்ன் சங்கதியும் இதுதான்: மாரியப்பன் என்று ஒருவர் இருக்கிறார் என்று பத்து வீட்டில் பேசலாம், அவரைப் பத்து வீட்டில் பெற்றெடுக்க முடியாது.

'ஹெடரில் கார்டு போட்டிருக்கிறேனே' என்பார் ஒருவர். ஒரு சி ஃபைலுக்குள் அந்த ஹெடர் இரண்டாம் முறை நுழைவதைத்தான் கார்டு தடுக்கும்; பத்து ஃபைல்கள் அதைச் சேர்த்தால் அதில் எழுதிய வேரியபிள் பத்திலும் பிறக்கும். 'இத்தனை வருஷம் ஓடியதே' என்பார் இன்னொருவர். ஓடியது, மதிப்புக் கொடுக்காமல் விட்ட குளோபல்களை ஜிசிசி கம்பைலர் பெரியமனது பண்ணி ஒன்றாக்க விட்டதால். 2020-இல் வந்த 10-ஆம் பதிப்போடு அந்தத் தயவு போயிற்று. இனி எஃப்காமன் என்ற ஆப்ஷன் கொடுத்துக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. மூன்றாமவர் கெட்டிக்காரர். 'அலவ் மல்டிபிள் டெஃபினிஷன்' என்று சொல்லி லிங்கரின் வாயையே அடைத்துவிடுவார். அதுவும் முதலில் கண்டதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். கடன் வாங்கியவர் ஒரு மாரியப்பன், வட்டி கட்டுபவர் வேறு மாரியப்பன்.

ஆகவே, லைப்ரரி எழுதும் பெரியோர்களே, இனிட், டீபக் என்று மொட்டையாகப் பெயர் வைத்து எங்கள் உயிரை வாங்காதீர்கள். ஊருக்கு அனுப்புமுன் ஒருமுறை, உள்ளிருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் என்எம் நிரலை ஓட்டிப் பாருங்கள். இனிஷியல் இல்லாமல் வெளியே திரிகிற பெயர் எதுவானாலும் வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.