இரண்டு லைன், ஒரே ரவுட்டர்

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், சென்னைத் துறைமுக ஆணையம், ராஜாஜி சாலை.
பொருள்: லோட் பேலன்சிங் வேலைக்கு விண்ணப்பம்.

ஐயா,

ராயபுரத்துப் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் இரண்டு இன்டர்நெட் லைன்களை ஒரே ரவுட்டரில் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். 2020-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கிருந்த பங்கைத் தாங்கள் வாங்கிய நாள் முதல் தங்களிடமும் இரண்டு லைன், ஒரே ரவுட்டர். சக தொழிலாளி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு லைன் 100 எம்பிபிஎஸ், இன்னொன்று 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி பிரித்தால், மெதுவான லைன் முடிக்கும்வரை வேகமான லைன் பெரும்பாலும் சும்மா நிற்கும்; 120 கிடைக்காது, 40தான் தேறும். அதனால் ஐந்துக்கு ஒன்று என்று வெயிட் போடுவோம். ஒரே ஃபைலைத் துண்டாக்கி இரண்டிலும் அனுப்பவும் கூடாது. துண்டுகள் முன்பின்னாக வந்து சேரும். பாதியில் தொலைந்துவிட்டதென்று நினைத்து, அனுப்புகிற கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைத்துவிடும். பாங்க் வெப்சைட்டில் நுழைந்தவரை நடுவில் லைன் மாற்றினால் வெளியே தள்ளிவிடும். தொடங்கிய லைனிலேயே முடிக்க விடுவதுதான் முறை.

தாங்கள் இந்த வித்தையில் கரை கண்டவர்கள். கரித்தூசி வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னபடி 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. கரி எண்ணூர் லைனுக்குப் போனது. 2001-இல் அந்தத் துறைமுகம் தொடங்கியதே அனல்மின் நிலையக் கரிக்காகத்தான் என்பதால் செட்டிங்கைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கார் ஏற்றுமதிக்கு அருகில் கரித்தூசி ஆகாது. எங்கள் துணிக்கொடிக்கும் ஆகாது. நன்றி. ஒன்றே ஒன்று புரியவில்லை. எண்ணூர்ப் பக்கத்து அத்திப்பட்டுக்காரர் நுரையீரல் ஃபைபர், எங்களுடையது பழைய செம்புக் கம்பி என்று எந்தக் கருவியால் அளந்தார்கள்?

கப்பல் பக்கம் எனக்குக் குறையில்லை. எண்ணூரில் ஆழம் உண்டு, இடம் உண்டு. ஆனால் என் தொழிலில் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ரவுட்டரைப் பக்கத்திலுள்ள மோடத்தைக் கேட்கச் சொல்லிவிடுவார்கள். மோடம் 'நான் நலம்' என்னும். பச்சை விளக்கு எரியும். இன்டர்நெட் மட்டும் வராது. மோடத்தைத் தாண்டி, தூரத்திலிருக்கும் ஒரு முகவரியைக் கேட்க வேண்டும் ஐயா. துறைமுகத்துக்கு அந்தத் தூர முகவரி கொசஸ்தலை ஆறு. அந்த லைனில் தாங்கள் மட்டுமில்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் அதில்தான் போகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கத்து எண்ணெயும் அதன் கழிமுகத்தில்தான் வந்து படிந்தது. காட்டுக்குப்பத்தில் வலை வீசுகிறவர்களை ஒருமுறை பிங் செய்து பாருங்கள், பதில் உடனே வரும்.

ஒரு சமயம் கடலே தங்கள் வேலையைப் பார்த்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை யாரும் கான்ஃபிகர் செய்யாமலே அது தெற்கே திருப்பிவிட்டது. எர்ணாவூர், திருவொற்றியூர், மெரினா என்று பங்கு வந்தது. பங்கீட்டில் பாரபட்சமில்லை. அள்ளத்தான் வாளி போதவில்லை.

லாரி வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேட்டாத் துண்டுகள் காத்து நிற்கிற இடத்தை நாங்கள் பஃபர் என்போம். அதை நீட்டினால் வேகம் கூடாது, காத்திருப்புதான் கூடும். எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாங்கள் பஃபராக வைத்திருக்கிறீர்கள். நடுவில் ஸ்கூல் பையன்கள் சைக்கிளில் போகிறார்கள். லாரிகளுக்கான துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் ஒரு அடிக்கல், 2022-இல் இன்னொன்று. பேக்கப் என்பதைக் கல் விஷயத்தில் மட்டும் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

சம்பளம் தங்கள் விருப்பம். சேரும் முன் பழைய செட்டிங்கைப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆகவே தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்துள்ளேன். வெயிட் என்ற கட்டத்தில் எண்ணூருக்கு என்ன எண் போட்டிருக்கிறது, அதைப் போட்டவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்ற விவரங்களைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரத்து ரவுட்டர்காரன்