டக்... டக்

திரும்பிப் பார்க்கவே வேண்டாம். முதலில் ஒரு 'டக்'. அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுகிற நேரம். அப்புறம் ஒரு செருமல். அதற்கும் பிறகுதான் இரண்டாவது 'டக்'. போட்டோகொப்பி மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், டபுள் கிளிக் ஐயா வந்து உட்கார்ந்துவிட்டார் என்று. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற பஸ் கியர் மாற்றும்போது என்ஜின் ஒருதரம் செத்துப் பிழைக்குமே, அந்த இடைவெளிதான் அவருடைய இரண்டு தட்டுக்கும் நடுவில்.

விண்டோஸ் தருகிற அவகாசம் 500 மில்லிசெக்கன், அதாவது அரை விநாடி. அதற்குள் இரண்டு தட்டும் விழுந்தால்தான் பைல் திறக்கும். ஐயாவோ தோட்ட ஆபிசில் கிளாக்கராக இருந்து பென்சனானவர். அரை விநாடியில் ஒரு காரியத்தை முடித்த பழக்கம் அந்த ஆபிசிலேயே யாருக்கும் கிடையாது.

பைலின் பெயர்மேல் ஆறுதலாக இரண்டு தட்டுத் தட்டினால் அது திறக்காது. பெயர் நீலமாகும். பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டும். பெயரை மாற்றப்போகிறீர்கள் போலும் என்று கொம்பியூட்டர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். ஐயா அதை விளங்கிக்கொண்டது வேறு விதம்.

"பேரு கேக்குது தம்பி."

கேட்டால் சொல்வதுதானே மரியாதை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப்பிடித்து, இனிஷியலோடு தன் பெயரை அடித்து, என்டரைத் தட்டிவிட்டு, இனித் திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். திறக்காது. பக்கத்துப் பைலுக்குப் போவார். அங்கேயும் அதே டக்... டக். அங்கேயும் பெயர் கேட்கும். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, (2) என்று போட்டுக்கொள்ளவா என்று கொம்பியூட்டர் இங்கிலீஷில் கேட்டதற்கு, "ஆமா, நான்தான்" என்று வாயாலேயே பதில் சொல்லி 'யெஸ்'ஸை அமுக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது (7) வரை வந்திருக்கிறது. மிளகு வியாபாரியின் பில், கோயில் திருவிழா நோட்டீஸ், ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு எல்லாம் ஐயாவின் பெயரில்தான் என் கடையில் வசிக்கின்றன. திருவிழா நோட்டீசில் ஒரு திருத்தம் என்று யாராவது வந்தால், ஐயா நாலா, ஐயா ஐந்தா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன்.

சரி, அவர் மாறமாட்டார், மெஷினை மாற்றுவோம் என்று மவுஸ் செட்டிங்குக்குள் போனேன். டபுள் கிளிக்கின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அங்கே ஒரு கோடு உண்டு. பக்கத்தில் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன போல்டர் படம். சரியாக இரண்டு தட்டினால் அது வாயைத் திறக்கும், மறுபடி தட்டினால் மூடும். கோட்டை 'மெதுவு' பக்கத்துக் கடைசிக்கு இழுத்து வைத்து, "தட்டிப் பாருங்கய்யா" என்றேன். அன்றைக்கு அவருக்குச் செருமல் இல்லை. போல்டர் திறந்தது. ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். "இதுதான் தம்பி நல்லா தொறக்குது. என் கடுதாசியையும் இதுக்குள்ளயே வச்சிரு" என்றார்.

அந்த ஏற்பாட்டால் மற்றவர்களுக்குத்தான் சீரழிவு. பையன்கள் ஒரு படத்தைத் தொட்டுவிட்டு, யோசித்து, இன்னொருதரம் தொட்டால் போதும், படம் திறந்துகொண்டு முன்னால் வந்து நின்றது. கடையில் பேய் இருக்கிறதாக இரண்டு நாள் பேச்சு.

அடுத்ததாக, ஒரே தட்டில் திறக்கிற ஏற்பாட்டைப் போட்டேன். விண்டோஸில் அதுவும் இருக்கிறது. 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 வந்தபோது, இணையப் பக்கம் மாதிரியே பைல்களையும் ஒரு தட்டில் திறக்கலாம் என்று கொடுத்தது. ஐயாவிடம் விளக்கமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். டக். போல்டர் திறந்தது. கண்ணாடி, செருமல், டக். உள்ளே அதே இடத்தில் எது இருந்ததோ அதுவும் திறந்தது. அலுமாரியைத் திறந்தால் உள்ளே இருக்கிற பெட்டியும், பெட்டிக்குள் இருக்கிற டப்பாவும் தானாகத் திறந்துகொண்டால் எப்படி இருக்கும்? கோயில் கணக்கைத் தேடிப் போனவர் பூப்புனித நீராட்டு விழா வீடியோவில் போய் நின்றார்.

இந்த டபுள் கிளிக் வம்பைத் தொடக்கிவைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் தொடக்கினார்களாம். 1981இல் ஸெரொக்ஸ் கம்பனி விற்ற 'ஸ்டார்' கொம்பியூட்டரில் மவுசுக்கு இரண்டு பொத்தான். ஒன்றைத் திறக்கவேண்டுமானால் அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, கீபோர்டில் 'ஓப்பின்' என்றே எழுதியிருந்த கட்டையை அமுக்கவேண்டும். ஐயாவுக்கென்றே செய்தது போன்ற மெஷின். 1983இல் அப்பிள் 'லிஸா'வைக் கொண்டுவந்தபோது, சனங்கள் குழம்பக்கூடாது என்று மவுசில் ஒரே பொத்தானை வைத்தார்கள். ஒரே பொத்தானால் காட்டவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். ஆகையால் திறக்க இரண்டு தட்டு. பில் அட்கின்சன் என்பவர் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். பொத்தானில் மிச்சம்பிடித்து விரல்மேல் பாரத்தை ஏற்றினார்கள். 2004இல் மைக்ரோசொஃப்ட் கைக்கொம்பியூட்டர்ப் பொத்தானை ஒருதரம் அமுக்குவது, அமுக்கிப் பிடிப்பது, இருதரம் அமுக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை வைத்து அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கிவிட்டது. அமுக்கி, செருமி, மறுபடி அமுக்குவதற்கு இன்னும் யாரும் உரிமை கேட்கவில்லை. ஐயா விண்ணப்பிக்கலாம்.

எதிர்க்கட்சியும் எங்கள் வீட்டிலேயே உண்டு. பேராதனையில் படிக்கிற அக்காவின் மகன் லீவில் வந்து ஒரு கொம்பியூட்டரில் லினக்ஸ் போட்டு, கேடிஈ என்ற முகப்பையும் வைத்துவிட்டுப் போனான். அதில் பிறவியிலேயே ஒரு தட்டுத்தான். "ரெண்டு தட்டு தட்டுறது காட்டுமிராண்டித்தனம் மாமா" என்றான். அவன் சொன்ன நேரம், 2024 பெப்ரவரியில் அந்தக் கேடிஈக்காரர்களே பிளாஸ்மா 6 வெளியிடும்போது, வேறு இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் பழக்கம் என்று டபுள் கிளிக்குக்கு மாறிவிட்டார்கள். ஐயாவிடம் சொன்னேன். "எதுவும் ரெண்டு தரம் பாத்து செய்யணும் தம்பி" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது எனக்குப் பழக்கமான ஒன்று. அவருடைய பழைய கணக்குக் கொப்பிகளைப் பார்த்திருக்கிறேன். கொழுந்து நிறை, பேர் எண்ணிக்கை, எல்லாம் முத்து முத்தாக. பக்கத்துக் கடைசியில் கூட்டுத்தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு. ஒற்றைக் கோடு போட்டால் கணக்கு இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். இரட்டைக் கோடு விழுந்தால்தான் முடிந்தது. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டென்று அரசாங்கம் அறிவித்த சமயம் ஒரு மூன்று மாத வகுப்புக்குப் போனாராம். எதைத் திறக்கவும் டபுள் கிளிக் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். இணையத்து லிங்குக்கு ஒன்று, ஸ்டார்ட் பொத்தானுக்கு ஒன்று, பைலுக்கு மட்டும் இரண்டு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன்: எதற்கு ஒன்று, எதற்கு இரண்டு என்று திரையில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இல்லை. நாங்களெல்லாம் பட்டுத்தான் பழகினோம்.

இப்படி மனம் இளகியிருந்த நேரம் பார்த்துத்தான் பேத்தியின் கல்யாணம் வந்தது.

அழைப்பிதழை நான்தான் பாமினி எழுத்துருவில் அடித்தேன். பிழை பார்க்க உட்கார்ந்தார். அவருடைய முதல் தட்டு தட்டே அல்ல, தோட்ட ஆபிஸ் சீல் குத்துகிற மாதிரி ஒரு அமுக்கு. அமுக்கிய விரலை எடுக்காமலே மற்றக் கையால் கண்ணாடியைத் தேடினார். மவுஸ் நகர்ந்தது. அழைப்பிதழும் கூடவே நகர்ந்து பக்கத்துப் போல்டருக்குள் விழுந்தது. அரை மணி நேரம் தேடினோம். கிடைத்தது. 'மரண அறிவித்தல்' என்ற போல்டருக்குள், மாலையும் குத்துவிளக்குமாக இருந்த பதினேழு பேருக்கு நடுவில் கிடந்தது. ஐயா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் வெளியே துப்பிவிட்டு வந்து, "முதல்லேருந்து புதுசா அடி தம்பி" என்றார். அடித்தேன். அந்தக் காசையும் கேட்கவில்லை.

ஆனால் இதைக் கேட்பேன். சேமலாப நிதி விஷயமாக அவருக்கு ஆறு பக்கக் கடிதம் ஒன்று. வேர்டில் மேல் மூலையில் பிரிண்டர் படம் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒரு தட்டுக்கு முழுக் கடிதமும் வந்துவிடும். நான் எழுந்து வருவதற்குள் டக்... டக். பன்னிரண்டு பக்கம். எண்ணிப் பார்த்து ஆறை மட்டும் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நான் ஒண்ணுதானே கேட்டேன்" என்று ஆறு பக்கத்துக்குச் சில்லறை வைத்தார். இது ஒருநாள் நடந்ததல்ல. கடதாசி என்ன விலை, டோனர் என்ன விலை? கணக்குப் பார்த்த மனுசனுக்குத் தெரியாதா? இரண்டு தட்டும் அவருடைய விரல்தானே? இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை கடைக்கு வந்து, வெற்றிலையில் வைத்து அழைப்பிதழைத் தந்தார். "குடும்பத்தோட வந்திரணும்" என்றார். பின்னேரம் வீட்டு வாசலில் செருமல் கேட்டது. வெற்றிலையில் வைத்து இன்னொன்று.

மொய்யை ஒரு கவரில் வைப்பதா, இரண்டு கவரில் வைப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. ஒன்று போதும், அதிலும் அந்த ஆறு பக்கத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மனைவி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.