கல்லூரி ஏறுமுக இலக்கணம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலையே தமிழ்நாட்டில் ஒரு சாஸ்திரம் உயிர்பெறும். கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும்வரை நடைமுறையில் இருக்கும். எந்தக் கல்லூரி ‘மேல வருது’, எது ‘இறங்கிடுச்சு’, எது ‘இன்னும் நாலு வருஷத்துல எங்கயோ போயிடும் பாரு’ என்று உரைப்பதே அதன் பயன். வீட்டுக்கு ஒருவர் குறையாமல் விற்பன்னர்கள் மலிந்த துறை இது. ஆனாலும் அவர்களை யாரும் முறையாக இனம் பிரித்து வைக்கவில்லை. அந்தக் குறை நீக்க எழுந்தது இச்சிறுநூல். எல்லை, பொறியியல் கலந்தாய்வு. மருத்துவம் நீட் என்னும் வேறொரு கிரகத்தின் பார்வையில் இருப்பதால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

வரலாறு சுருக்கமாக. கிண்டி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. கோவை ஜி.சி.டி. 1945, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949, பி.எஸ்.ஜி. 1951, மதுரை தியாகராஜர் 1957. கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிய காலத்தில் கணிப்பதற்கு ஒன்றும் இல்லை. இடம் கிடைத்ததா இல்லையா, அவ்வளவுதான். 1984-இல் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 1997-இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. ஒரு கட்டத்தில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. ஐந்நூறு பெயரை மனத்தில் இருத்துவது எந்த அப்பா அம்மாவுக்கும் ஆகாத காரியம். அந்த இடைவெளியில் முளைத்தவர்களே கணிப்போர்.

இவர்களுள் முதல் இனம் கணக்கர். அடையாளம், ஒரு லாங் சைஸ் நோட்டு. அதில் ஐந்து ஆண்டு கட் ஆஃப், ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று கட்டம் கட்டமாக, சிவப்பு மையில் திருத்தங்களோடு. இவர்கள் கல்லூரியைப் பெயர் சொல்லி அழைப்பது அரிது. கிண்டி இவர்களுக்கு ‘ஒண்ணு’, எம்.ஐ.டி. ‘நாலு’, பி.எஸ்.ஜி. ‘ரெண்டாயிரத்து ஆறு’. கலந்தாய்வு எண்ணே இவர்களுக்குக் கல்லூரியின் நட்சத்திரமும் கோத்திரமும்.

கணக்கர் இருவகைப்படுவர். கோடு நீட்டுவோர் ஒரு வகை. மூன்றாண்டுப் புள்ளிகளை இணைத்து நாலாம் ஆண்டுக்கு இழுத்துவிடுவார்கள். இந்த ஆண்டு 195-இல் முடிந்த கல்லூரி ஆண்டுக்கு ஒன்றரை வீதம் ஏறினால், ஆறாம் ஆண்டில் அதற்கு 200-க்கு 204 வேண்டும். இதைச் சுட்டிக்காட்டினால், “அதுக்குள்ள இவன் படிச்சு முடிச்சிடுவான்” என்பார்கள். மறுக்க முடியாத வாதம்.

மற்றொரு வகையினர் ரேங்க் நோக்குவோர். கணக்கருள் இவர்களே கற்றவர்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று அமைந்த இந்த 200, கல்லூரியைவிட வினாத்தாளைத்தான் அதிகம் அளக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியும். 2007 சேர்க்கையில் நுழைவுத் தேர்வு ஒழிந்தபோது 300-க்கு இருந்த கட் ஆஃப் 200-க்கு வந்தது. பழைய நோட்டுகள் எல்லாம் ஒரே நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போயின. 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பாதி, பதினொன்றுக்கு 20 விழுக்காடு, பன்னிரண்டுக்கு 30 என்று மதிப்பெண் கூட்டப்பட்டது. அப்படிக் கூட்டிய மதிப்பெண்ணையும் தேர்வெழுதி வாங்கிய மதிப்பெண்ணையும் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து எழுதிப் பலன் சொன்னவர்கள் உண்டு. கணித வினாத்தாள் சுலபமாக வந்தாலும் இதே கதைதான். கல்லூரி நின்ற இடத்தில் நிற்கும், கட் ஆஃப் மட்டும் மாடியேறும்.

கட் ஆஃப் சமமானால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். மூத்தவருக்கு முன்னுரிமை. ஜாதகத்துக்கு இந்தச் சாஸ்திரத்தில் சட்டப்படி இடமுள்ள ஒரே புள்ளி அது.

கணக்கர் அனைவருக்கும் பொதுவான ஒரு கண்நோய் உண்டு; இடங்களின் எண்ணிக்கை கண்ணில் படாது. கம்ப்யூட்டர் சயின்ஸில் 120 இடம் வைத்திருந்த கல்லூரி அதை 240 ஆக்கினால், கடைசியாக உள்ளே வருபவரின் ரேங்க் பின்னுக்குப் போகத்தான் செய்யும். உடனே ‘காலேஜ் இறங்கிடுச்சு’. பக்கத்துக் கல்லூரி 60 இடத்தோடு கம்மென்று இருந்தால் ‘அங்க டஃப்பு’. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரியில் நூற்றுக்கு 65 இடமே கலந்தாய்வுக்கு வரும். மிச்சம் 35 நிர்வாக ஒதுக்கீடு. அந்த 35 எந்த நோட்டிலும் ஏறாது.

இரண்டாம் இனம் நிலவியலார். சாலை எங்கே வருகிறதோ அங்கே கல்லூரி எழும் என்பது இவர்கள் கொள்கை. இவர்கள் விடாமல் எடுத்துக்காட்டுவது எஸ்.எஸ்.என். அது தொடங்கியது 1996. டைடல் பார்க் திறந்தது 2000. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. சாலையானது அதற்கும் பிறகு. “பாத்தியா, முன்னாடியே இடத்தப் பிடிச்சாங்க” என்பார்கள். அதே சாலை வேறு பல கல்லூரிகளின் வாசல் வழியாகவும் போகிறது, அவற்றுள் சிலவற்றில் ஏறியது நிலத்தின் விலை மட்டும்தான் என்றால் பேச்சை மெட்ரோ ரயிலுக்குத் திருப்பிவிடுவார்கள்.

மூன்றாம் இனம் கிளையார். இவர்களுக்குக் கல்லூரி ஒரு பொருட்டில்லை, பிராஞ்ச்தான் தெய்வம். 2010-களின் முற்பாதியில் மெக்கானிக்கலுக்கு அடிதடி. இன்று கம்ப்யூட்டர் சயின்ஸும், ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ முதலான அதன் பங்காளிகளும். மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் பேர்போன பழைய கல்லூரி ஒன்று எந்தத் தவறும் செய்யாமலே பட்டியலில் கீழே வரும். கம்ப்யூட்டர் வகுப்புகளாகவே நிரப்பிய புதுக் கல்லூரி மேலே போகும். இவர்கள் சொல்வதில் உண்மை அதிகம், ஆயுள் குறைவு.

நான்காம் இனமான தரவரிசையரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வருகிறது. பொறியியலில் அன்றுதொட்டு ஐ.ஐ.டி. மெட்ராஸ்தான் முதலிடம். ஐந்து தலைப்புகளில் ஒன்று, கல்லூரியைப் பற்றி வெளியார் கொண்டிருக்கும் எண்ணம். எண்ணத்தால் வரிசை, வரிசையால் எண்ணம். இந்த ராட்டினத்தில் ஏறிவிட்டவர்களுக்கு இறங்க வழி தெரிவதில்லை.

ஐந்தாம் இனம் உறவின்முறையார். எண்ணிக்கையில் பெரியது, செல்வாக்கில் அதைவிடப் பெரியது. ‘பெங்களூர்ச் சித்தப்பா’ இதன் தலையாய உட்பிரிவு. “எங்க டீம்ல அந்தக் காலேஜ் பையன் ஒருத்தன் இருக்கான், பிரமாதமா வேலை பாக்குறான்” என்று அவர் சொன்னால், அந்த ஒரு பையனின் தோளில் ஒரு கல்லூரியே ஏறி உட்கார்ந்துவிடும். ‘ஹெச்.ஆர். அக்கா’ வேறு ரகம். அவருக்கு நிஜமாகவே விவரம் தெரியும் என்பதால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், “போன வருஷம் போன காலேஜுக்கே இந்த வருஷமும் போவோம் அத்தை. லிஸ்ட் ஏற்கெனவே இருக்கு, யார் போட்டாங்கன்னு எனக்கே தெரியாது” என்பார். ஒரே மாணவர் நாலு கம்பெனி ஆஃபர் வாங்கினால் விளம்பரத்தில் அது நாலாக எண்ணப்படக்கூடும் என்பதையும் சொல்வார். வரவேற்பறையில் எடுபடாத தகவல் அது.

இனி இலக்கணத்தின் நடு நூற்பா. சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். மேலிருந்து கீழாகப் பார்த்து, எது கிடைக்குமோ அதில் முதலாவதைக் கம்ப்யூட்டர் ஒதுக்கிவிடும். ஆகவே எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. அந்த வரிசையை யாரும் சொந்தமாக எழுதுவதில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, போன வருஷக் கட் ஆஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உயர்ந்தது முதலில், தாழ்ந்தது பிறகு என்று அப்படியே இறக்குகிறார்கள். இந்த வருஷத்து முடிவு போன வருஷத்து முடிவின் நகல். கணித்தவர்கள் எல்லாரும் கணித்ததையே எல்லாரும் நிரப்புவதால் கணிப்பு பலித்தும் விடுகிறது. நான் பார்த்தவரை இந்தச் சாஸ்திரத்தின் வெற்றி ரகசியம் இதுதான்.

அப்படியானால் எந்தக் கல்லூரியும் ஏறாதா என்றால், ஏறும். ஆனால் கணிக்காதவர்களால். நல்ல ரேங்க் வாங்கிய பெண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்ப மனமில்லாத அப்பா, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் கல்லூரியை வரிசையின் தலையில் போடுவார். ஃபீஸ் கட்ட முடியாதவர் அரசுக் கல்லூரியை மேலே தள்ளுவார். அக்கா அங்கே படித்தாள் என்பதற்காகத் தம்பியும் போவான். நகலில் விழும் கைப்பிழைகள் இவை. சில ஆண்டு ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் அங்கே நல்ல மாணவர்கள் சேர்வார்கள், ஹெச்.ஆர். அக்காவின் லிஸ்டில் ஒரு வரி கூடும், பிறகு கணக்கர் நோட்டில் ஏறும். பெங்களூர்ச் சித்தப்பாவுக்குத் தகவல் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

புறனடையாக ஆறாம் இனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக அங்கேயே இருக்கிறார்கள், சம்பளம் மாதாமாதம் வருகிறதா, லேபில் இருக்கும் மிஷின் ஓடுகிறதா, இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் துடைத்து வைப்பதா என்று நேரில் போய்க் கேட்பவர்கள். கணிப்பு பலிக்க வேண்டுமானால் இவர்களுக்கே பலிக்க வேண்டும். ஆனால் இவர்களில் பலரைக் கேட் செக்யூரிட்டியே நிறுத்தி, நேராக அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்பி, கையில் பளபளப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்துத் திருப்பிவிடுவதால், இவ்வினத்தைப் பற்றிய தரவு போதிய அளவில் கிடைக்கவில்லை.